பெயரற்ற கல்லறை

நாரணாபுரத்தில் பட்டாசு ஆலை வேலை முடிந்து திரும்பும் இளைஞர் சிலர் ராஜேஷ்குமாரின் துப்பறியும் நாவல்களை விரும்பி வாசிக்கின்றனர். "சாமி, நீங்களும் இதையெல்லாம் படிப்பீர்களா?" என்று நம்மிடம் குறும்பாகக் கேட்பதுண்டு. படிக்கிறோம். 2025-இல் மறைந்த ஃபிரடெரிக் ஃபோர்சித் 1971-இல் வெளியிட்ட 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' நாவலை இருமுறை படித்தோம்.

1963-இல் பிரெஞ்சு அதிபர் தெ கோலைக் கொல்ல, இரகசிய இயக்கம் ஒன்று கூலிக்கு ஓர் ஆங்கிலேயனை அமர்த்துகிறது. 'ஜாக்கல்' என்பது அவனுடைய மறைபெயர். நரி என்று பொருள். தெ கோல் 1970-இல் தம் இல்லத்தில்தான் காலமானார் என்பது உலகறிந்தது. ஆகவே அவர் பிழைப்பாரா என்பது கேள்வியே அன்று. வந்தவன் யார் என்பதே கதையை இழுத்துச் செல்கிறது.

நம்மை உறுத்திய பகுதி துப்பாக்கியைப் பற்றியதன்று. கடவுச்சீட்டுக்குப் பொய்ப்பெயர் தேடி அவன் கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் அலைகிறான். இரண்டரை வயதில் இறந்த அலெக்சாண்டர் டக்கன் என்னும் குழந்தையின் கல்லறை அகப்படுகிறது. உடனே அவ்வூர்க் குருவானவரை அணுகி, குடும்ப வரலாறு ஆராய்பவன் என்கிறான். கோவிலின் அழகைப் புகழ்ந்து, சீரமைப்பு நிதிக்குக் காணிக்கையும் இடுகிறான். (காணிக்கை இடுபவரைச் சந்தேகிக்கும் குருவை நாம் இன்னும் கண்டதில்லை.) முதியவர் பங்குப் பதிவேட்டைத் திறந்து காட்டுகிறார். ஒரே மகனாம் அக்குழந்தை, பெற்றோரும் இறந்துவிட்டனர். அப்பெயருக்காகப் பேச இனி எவருமில்லை. அதைக்கொண்டு பிறப்புச் சான்றிதழ், அதைக்கொண்டு கடவுச்சீட்டு. இத்தகைய மோசடிக்கு இங்கிலாந்தில் பின்னாளில் இந்நாவலின் பெயரே வழங்கலாயிற்று.

திருமுழுக்கு, திருமணம், இறப்பு ஆகியவற்றுக்குப் பங்குதோறும் பதிவேடு வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண். நம் மேசைமேலும் அவை இருக்கின்றன. அப்பக்கத்தை வாசித்த இரவில் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

இக்கந்தக பூமியில் பெயர் சிறிய காரியமன்று. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். தீயில் கருகிய உடலுக்குரிய பெயர் தெரியும்வரை, எதன்மீது விழுந்து அழுவது என்று தாய்க்குத் தெரியாது. அத்தகைய ஊரில் இருந்துகொண்டு, மாண்ட குழந்தையின் பெயரை ஒருவன் சட்டைபோல மாட்டிக்கொண்டு கொலைக்குப் புறப்படுவதை வெறும் கதைத் தந்திரமாக வாசிக்க நம்மால் இயலவில்லை.

இறுதியில் நரி சுடப்பட்டு மடிகிறான். அவன்தான் என்று காவல்துறை நம்பிய ஆங்கிலேயரோ உயிருடன் வீடு திரும்புகிறார்! பாரிசின் புறநகர்க் கல்லறைத் தோட்டத்தில், அடையாளமற்ற குழியில் சவப்பெட்டி இறங்குகிறது. ஒரு குரு, ஒரு காவலர், ஒரு பதிவாளர், குழி வெட்டியோர் இருவர், அவனைத் துரத்திப் பிடித்த அதிகாரி. வேறு எவருமில்லை. அந்தக் குரு எந்தப் பெயரைச் சொல்லிச் செபித்திருப்பார்? ஃபோர்சித் அதை எழுதவில்லை.