நட்டை இறுக்கினால் போதுமா?



பாடசாலைகள் விடுமுறைக்கு மூடப்பட்டதும் உங்களில் பலர் யாழ்ப்பாணத்திற்குப் புறப்படுவீர்கள். ஓகஸ்ட் 15 மடு அன்னையின் திருவிழா. அதற்கு முன்னும் பின்னும் திருமணங்கள், உறவினர் சந்திப்புகள். பயண ஆசி கேட்டு வருவோருக்கு மகிழ்வுடன் ஆசி வழங்குகிறேன். இம்முறை அதனுடன் ஒரு வேண்டுகோளையும் சேர்க்கிறேன். மாமா வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிளை எடுத்து ஓடுமுன், அதன் பின் பிரேக்கை ஒருமுறை குனிந்து பாருங்கள்.

சுவாமியார் பிரேக்கைப் பற்றி எழுதுகிறாரே என்று சிலர் நகைக்கலாம். வீதி விபத்தில் இறந்தவரின் அடக்கத் திருப்பலியை நிறைவேற்றுபவனும் நான்தானே.

ஒஸ்லோவில் நீங்கள் செலுத்தும் காரில் மிதிப்பது ஒன்றுதான். நான்கு சில்லுகளும் சேர்ந்து நிற்கும்; வழுக்கினால் கணினியே விட்டுப் பிடிக்கும். ஊரிலுள்ள ஹொண்டா எம்.டி. 90, சி.டி. 125, சாலி போன்ற பழைய வண்டிகளில் அப்படியில்லை. முன் சில்லுக்குக் கைப்பிடி, பின் சில்லுக்குக் கால்மிதி. இரண்டையும் அளவறிந்து சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

நம்மவர்கள் பெரும்பாலும் பின் பிரேக்கையே நம்பினார்கள். அதற்குக் காரணம் உண்டு. மணல் ஒழுங்கையில் முன் பிரேக்கை இறுக்கினால் சில்லு சறுக்கி ஆள் விழுவார். ஆனால் தார் வீதியில் நிலைமை வேறு. வேகம் குறையும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வலுவின் பெரும்பகுதியை முன் சில்லே தரமுடியும். பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் நிற்க நெடுந்தூரம் வேண்டும். அவசரத்தில் பலமாக மிதித்தால் பின் சில்லு பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் இழுபடும். பின்னால் இருவரை ஏற்றிச் செல்லும் வழக்கமும் சேர்ந்தால், அந்தப் பிரேக்கின் தேய்மானத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் ஓர் ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பின் சில்லின் குடத்துக்குள் இரு பிரேக் சூக்கள் உள்ளன. கால்மிதியை அழுத்தினால் ஒரு கம்பி நெம்புகோலை இழுக்க, சூக்கள் விரிந்து குடத்தின் உட்சுவரில் உராய்கின்றன. சூ தேயத் தேய மிதி தாழ்ந்து போகும். கம்பியின் நுனியிலுள்ள நட்டை இறுக்கினால் மிதி மீண்டும் மேலே வரும். புதியது போலவே தோன்றும். ஆனால் தேய்ந்தது வளரவில்லை. நெம்புகோல் மட்டும் மேலும் சரிந்திருக்கிறது. பிரேக் பிடிக்கையில் கம்பிக்கும் நெம்புகோலுக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தாண்டிவிட்டால், மிதிக்கும் வலு வீணாகிறது.

1990களில் பெட்ரோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய மக்கள் நாம். புதியது கிடைக்காத காலத்தில் நட்டை இறுக்கி இன்னுமொரு மாதம் ஓட்டுவது குறையன்று. அது பிழைக்கும் வழி. இன்று ஏ9 வீதி காப்பெற் வீதியாகிவிட்டது, வேகம் கூடிவிட்டது, சூக்கள் கடையில் கிடைக்கின்றன. பழக்கம் மட்டும் மாறவில்லை.

ஆகவே இவற்றைப் பாருங்கள். பல ஹொண்டா வண்டிகளில் நெம்புகோலின் அடியில் ஓர் அம்புக்குறியும், அருகே ஓர் அடையாளமும் உண்டு. மிதியை முழுவதும் அழுத்தும்போது அவை இரண்டும் நேருக்கு நேர் வந்தால் சூவை மாற்றும் வேளை வந்துவிட்டது. மிதியில் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை வெற்றசைவு இருக்கவேண்டும். அதைவிட இறுக்கினால் சூ எப்போதும் உரசிச் சூடாகும். மிதியின் மேல் காலை ஓய்வாக வைத்திருப்பதும் அதே கேட்டையே செய்யும். குடத்தைத் திறக்கும்போது தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் கல்நார் இருக்கக்கூடும்.

இங்கே பழைய வண்டிகளைப் பழுதுபார்த்து ஓட்டும் இளையோருக்கும் ஒரு சொல். பனிக்காலத்தில் தூவிய சிறுகற்கள் வசந்தத்திலும் வளைவுகளில் கிடக்கும்; வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஹோல்மன்கொல்லனிலிருந்து இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வராமல் கியரைக் குறைத்து இயந்திரத்தின் பிடிப்பில் இறங்குங்கள். சூடேறிய பிரேக் பிடிக்காது. சமதரையான யாழ்ப்பாணம் உங்கள் தந்தையருக்கு இப்பாடத்தைக் கற்பித்திருக்காது.

அன்பானவர்களே, நட்டை இறுக்கும் பழக்கம் வண்டியோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு வேலை, குறைந்த உறக்கம், ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் என்று ஆண்டாண்டாய் நம்மையே இறுக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால் "சுகம், சுவாமி" என்கிறோம். வெளியே மிதி உறுதியாகத்தான் இருக்கிறது. உள்ளே எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். அதற்கு வைத்தியர் இருக்கிறார், இல்லத்தில் துணைவர் இருக்கிறார், ஒப்புரவு அருட்சாதனமும் இருக்கிறது. திறப்பது வெட்கமன்று.

ஊருக்குச் சொக்லேட் பெட்டிகள் சுமந்து செல்கிறீர்கள். போய்ச் சேர்ந்ததும் மாமாவின் வண்டிக்கு ஒரு சோடி பிரேக் சூவும் வாங்கிக் கொடுங்கள். நீங்கள் திரும்பி வந்த பின்னும் அந்த வண்டியில்தான் அவர் பூசைக்குப் போவார்.

இறைவன் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக.

அன்புடன்,
உங்கள் பங்குத்தந்தை