கையொப்பம் கேட்டு வந்த மகள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிக் காற்று கோவை வீதிகளில் புழுதி கிளப்பிக்கொண்டிருந்த ஒரு மாலை. அஸர் தொழுகை முடித்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். சிறு வயதில் நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவி ஒருத்தி தன் தந்தையுடன் வந்து ஸலாம் உரைத்தாள். தந்தை உக்கடம் பக்கத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவர். மகள் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சமூகப்பணி முதுகலையில், எம்.எஸ்.டபிள்யூ. என்று சொல்கிறார்களே அந்தப் படிப்பில், முதலாண்டு சேர்ந்திருந்தாள். அவள் கையில் ஒரு கோப்பு, முகத்தில் களைப்பு.

"ஹஜ்ரத், உங்க கையெழுத்து ஒண்ணு வேணுங்க" என்றார் தந்தை.

எதற்கென்று வினவினோம். அப்படிப்பின் ஒரு பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே நடக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தோம். வாரத்தில் இரண்டு நாள் மாணவர் ஒரு நிறுவனத்துக்குச் சென்று, அங்குள்ள ஒருவரின் வழிகாட்டுதலில் மக்களோடு பணி செய்தல் வேண்டும். ஒவ்வொரு நாளும் கண்டதையும் செய்ததையும் குறிப்பேட்டில் எழுதுதல் வேண்டும். ஆசிரியர் அதனைப் படித்துத் திருத்துவார். இறுதியில் வாய்மொழித் தேர்வும் உண்டு. இதற்குக் களப்பணி என்று பெயர். களப்பணிக்கு இடம் கிடையாவிடில் ஏட்டுப் படிப்பில் எத்துணை மதிப்பெண் பெற்றாலும் பட்டம் இல்லை.

கோவையில் இடத்துக்கா பஞ்சம் என்று தோன்றலாம். அரசு மருத்துவமனை, கண் மருத்துவமனைகள், மனநல நிலையங்கள், முதியோர் இல்லங்கள், குழந்தைகள் இல்லங்கள், பஞ்சாலைகள், திருப்பூரின் பனியன் தொழிற்சாலைகள், நொய்யல் கரைச் சிற்றூர்களில் தொண்டு புரியும் அமைப்புகள் என வரிசை நீண்டதுதான். ஆயின் சமூகப்பணி கற்பிக்கும் கல்லூரிகள் பல. அவற்றின் மாணவர் அனைவரும் ஒரே பருவத்தில் ஒரே கதவுகளைத் தட்டுகின்றனர்.

அம்மகள் மூன்று வாரங்களாக அலைந்திருந்தாள். ஓரிடத்தில், இருவருக்கே இடம், இருவரும் வந்துவிட்டனர் என்றார்கள். குழந்தைகள் இல்லம் ஒன்றில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் அனுமதி பெற்று வருக என்றார்கள். அது வரும் முன் பருவமே கழிந்துவிடும் போலிருந்தது. ஒரு தொழிற்சாலையில் உடனே சேர்த்துக்கொள்வதாகக் கூறினர். ஆனால் தொழிலாளரைச் சந்திக்கும் வாய்ப்பில்லை, கோப்புகளை அடுக்கும் பணி மட்டுமே. நான்காம் இடத்தில் அவளுடைய முக்காட்டைப் பார்த்துவிட்டு, "வருபவர்கள் உங்களிடம் மனம்விட்டுப் பேசத் தயங்குவார்கள்" என்றாராம் ஓர் அதிகாரி. இதனை அவள் புகாராகச் சொல்லவில்லை. பேருந்து தவறிய செய்தியைச் சொல்வதுபோல் சொன்னாள். தந்தையால்தான் தாங்க முடியவில்லை.

"கதவு கதவாப் போய் நிக்கறதுக்குங்களா படிக்க வெச்சேன்? இந்த வாரத்துக்குள்ள எடம் கெடைக்கலீன்னா படிப்பை நிறுத்திப்போடலாம்னு இருக்கேனுங்க."

நாம் நம் மஹல்லாவின் நிவாரணக் குழுவுக்குப் பதினேழு ஆண்டுகளாகச் செயலாளர். ரமளானில் ஜகாத் திரட்டுவதும், விதவையருக்கும் நோயாளிகளுக்கும் மாதந்தோறும் அரிசியும் பணமும் வழங்குவதும் அதன் பணி. அம்மகள் அங்கே பயிற்சி பெற விரும்பினாள். நமக்கோ அவள்மீது இரக்கம் பொங்கியது. அந்த இரக்கத்தில் நாம் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறோம்.

"இதற்கா இத்தனை அலைச்சல்? கொடு அம்மா, இப்போதே கையெழுத்திடுகிறோம். நீ நாள்தோறும் வர வேண்டுவதில்லை. வந்ததாகவே மணிக்கணக்கு எழுதித் தந்துவிடுகிறோம்."

தந்தையின் முகம் மலர்ந்தது. மகள் தலை குனிந்தாள். சற்று நேரம் கழித்து மெல்லக் கேட்டாள்: "ஹஜ்ரத், அது பொய்ச் சாட்சி ஆகாதுங்களா?"

பொய்ச் சாட்சியின் கேட்டை அவளுக்கு முதன்முதலில் கற்பித்தவர்கள் நாமே. அவளுக்குப் பத்து வயது இருக்கும்போது, நம் மக்தபின் பாயில் அமர்ந்து கேட்ட பாடம் அது. நாம் விடை கூறாது எழுந்து உள்ளே சென்று, தேநீர் கொண்டுவரச் சொன்னோம்.

மறுவாரம் அவளுடைய ஆசிரியை, குழுவின் பணியை நேரில் காண வந்தார். ஜமாஅத் அலுவலகத்தில் அமர வைத்தோம். அவர் கேட்டவை மூன்றே. மாணவிக்கு இங்கே கற்றுத் தருபவர் யார்? உதவி பெறுவோரைப் பற்றிய பதிவுகள் எங்கே? அவர்களுடைய செய்திகள் எவ்வாறு காக்கப்படுகின்றன?

முதல் கேள்விக்கு விடையில்லை. இரண்டாவதற்கு, பெயரும் தொகையும் மட்டும் எழுதிய நீள்நோட்டு ஒன்றைக் காட்டினோம். அப்பெண்ணின் கணவர் எப்போது மறைந்தார், குழந்தைகள் எத்தனை பேர், பள்ளி செல்கின்றனரா என்பவை அதில் இல்லை. அவை நம் நினைவில் இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தோம். மூன்றாவதற்கு நாம் வாய் திறக்கும் முன்பே அம்மையாரின் பார்வை சுவரில் சென்று நின்றது. அறிவிப்புப் பலகையில், அம்மாதம் உதவி பெற்ற விதவையரின் பெயர்ப் பட்டியலை ஒட்டியிருந்தோம். கணக்கு வெளிப்படையாக இருத்தல் வேண்டும் என்னும் நல்லெண்ணமே காரணம். தொழ வருவோர் அனைவரும் அதனைப் படித்துச் செல்வர். அவ்விதவையரின் பிள்ளைகளும் படித்துச் செல்வர் என்பது அதுவரை நமக்குத் தோன்றியதில்லை.

அமானத் என்ற சொல்லுக்கு எத்தனை ஆண்டுகள் விளக்கம் உரைத்திருப்போம்! ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருள் மட்டுமன்று, அவர் சொல்லிய சொல்லும் அமானத் என்று மாணவர்க்கு விளக்கியவர்கள் நாம். அச்சொல்லின் பொருளைப் புதிதாகப் படிக்க வந்த ஓர் இளம்பெண்ணும் அவளுடைய ஆசிரியையும் வகுப்பில் கற்றிருக்க, நாம் அதனைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தோம்.

ஆசிரியை கடிந்து ஒன்றும் பேசவில்லை. அவ்வாண்டு இங்கே அனுப்ப இயலாது என்று மட்டும் பணிவாகச் சொல்லிவிட்டு, தாமே முயன்று மருத்துவமனை ஒன்றில் மாணவிக்கு இடம் பெற்றுத் தந்தார். வழிகாட்ட ஆளில்லாத இடத்தைக் கல்லூரி ஏற்பதில்லை. இருக்கையும் கையொப்பமும் மட்டும் தரும் இடம் பயிற்சி இடமாகாது. அவர் சென்றபின் பட்டியலைக் கிழித்தோம்.

இம்முறை நமக்கு அந்நியமானதோ என்று எண்ணிப் பார்த்தோம். இந்தியாவின் முதல் சமூகப்பணிக் கல்விக்கூடம், 1936இல் பம்பாயில் தொடங்கிய சர் தொராப்ஜி டாடா பள்ளி. இன்றைய டாடா சமூக அறிவியல் நிறுவனம் அதுவே. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் நாக்பாடாவில், கிளிஃபர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர் நடத்திய அக்கம்பக்கத்தார் தொண்டு நிலையத்திலிருந்துதான் அது முளைத்தது. தொண்டு முன்னர், பள்ளி பின்னர். தமிழகத்தில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் முயற்சியால் சென்னை சமூகப்பணிப் பள்ளி 1952இல் எழுந்தது.

இன்னும் பின்னே செல்வோம். டமாஸ்கஸில் சுல்தான் நூருத்தீன் 1154இல் நிறுவிய மருத்துவமனை வக்ஃபின் வருவாயால் நடந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அங்கே பயின்ற இப்னு அபீ உஸைபிஆ, நோயாளிகளைப் பார்வையிடும் ஆசிரியர்களின் பின்னே தாம் சென்று கற்றதை எழுதி வைத்துள்ளார். அவ்வாசிரியர்களுள் ஒருவர் முஸ்லிமான தக்வார்; மற்றவர் யூதரான இம்ரான். ஏழைக்கு மருந்தும் மாணவனுக்குக் கல்வியும் ஒரே கட்டிலின் அருகே கிடைத்தன.

அவ்வளவு தொலைவு போவானேன்? நாம் ஸனது பெறும் முன்பு, நம் உஸ்தாத் அவர்கள் ஒரு ரமளான் முழுதும் நம்மைச் சிற்றூர்ப் பள்ளிவாசல் ஒன்றில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்க வைத்தார்கள். தூணுக்கு அப்பால் அமர்ந்து கேட்டிருப்பார்கள். பிழையை அங்கேயே சொல்லாமல், இரவு உணவுக்குப்பின் தனியே அழைத்துச் சொல்வார்கள். அதுவும் களப்பணியே. அப்பயிற்சியில் நமக்குக் கிடைத்த உஸ்தாதை, நம்மிடம் வந்த மாணவிக்கு நாம் தரவில்லை.

குறை தெரிந்தபின் வழி தேடினோம். வழி அடுத்த ஸஃப்பிலேயே நின்று தொழுதுகொண்டிருந்தது! 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 500 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் நல அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும் என விதித்தது. சமூகப்பணி கற்றோர் பலர்க்கு ஆலைக் கதவைத் திறந்துவிட்ட விதி அது. அவ்வாறு ஒரு பஞ்சாலையில் நல அதிகாரியாய் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் நம் மஹல்லாவிலேயே வாழ்கிறார். முப்பது ஆண்டுகளாக ஸலாம் பரிமாறியிருக்கிறோம். என்ன படித்தீர்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விவரம் கூறியதும், "இத்தனை நாளாக் கூப்பிடாம விட்டுட்டீங்களே ஹஜ்ரத்" என்றார்.

அவர் முதலில் செய்தது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிக் கோப்பு தொடங்கி அலமாரிக்குப் பூட்டுப் போட்டதுதான். கணக்கு கேட்போருக்குத் தொகை மட்டும் காட்டப்படும், பெயர் காட்டப்படாது. ஆசிரியை மீண்டும் வந்து பார்த்தார். இரண்டாம் ஆண்டில் அம்மகளையே நம்மிடம் அனுப்பினார்.

வந்தவள் அரிசி மூட்டை தூக்கவில்லை. வீடு வீடாகச் சென்று அமர்ந்து கேட்டாள். பதினொரு ஆண்டுகளாக நாம் மாதந்தோறும் பணம் கொடுத்துவந்த ஒரு பெண்மணி, அரசின் ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு உரியவர். கணவரின் இறப்புச் சான்றிதழ் இல்லாததால் விண்ணப்பிக்காமலே இருந்தார். சான்றிதழ் பெறுவது எப்படி என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. அம்மகள் உடன் சென்றாள். ஆனால் மனுவை அப்பெண்மணியையே கொடுக்கச் செய்தாள். மாவட்ட ஆட்சியர் தலைமையில் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கம் ஒன்று இயங்குவதை நம் குழுவில் பாதிப்பேர் அவள் சொல்லித்தான் அறிந்தோம். முக்காட்டைக் கண்டால் பேசத் தயங்குவார்கள் என்றார்களே, அந்த வீடுகளில் அவளிடம் பேசியது போல் எவரிடமும் பேசியதில்லை என்று மூதாட்டி ஒருவர் நம் இல்லத்தாரிடம் கூறினாராம்.

பிள்ளைகளை இப்படிப்பில் சேர்க்கும் பெற்றோருக்கு ஒன்று சொல்வோம். இடம் தேடுவதைக் கல்லூரி திறந்தபின் தொடங்காதீர்கள். துறையின் கடிதமின்றி அனுப்பாதீர்கள். எந்த இடமாயினும், கற்றுத் தருபவர் யார் என்று முதலில் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு கதவுகள் மூடினவென்று படிப்பை நிறுத்திவிடாதீர்கள். ஜமாஅத்தாருக்கும் ஒன்று: உங்கள் மஹல்லாவில் இத்துறை படித்தவர் யாரேனும் உளரா என்று விசாரியுங்கள், உங்கள் அறிவிப்புப் பலகையையும் ஒருமுறை பாருங்கள்.

பருவ முடிவில் அம்மகள் குறிப்பேட்டைக் கொண்டுவந்தாள். வழிகாட்டியின் கையொப்பத்துக்குக் கீழே நிறுவனத்தின் சார்பில் நம் கையொப்பமும் வேண்டியிருந்தது. "இரண்டு நாள் கழித்து வா அம்மா, படித்துவிட்டுத்தான் போடுவோம்" என்றோம். அவள் சிரித்துக்கொண்டே போனாள். முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தோம். ஓரிடத்திலும் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை. எண்கள் மட்டுமே இருந்தன. படித்து முடித்துப் பேனாவைத் திறந்தோம்.

இவ்வாண்டு இருவர் வந்துள்ளனர். அவர்களுள் ஒருத்தி நம் சமயத்தவள் அல்லள். பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி ஒருவரின் மகள். திங்களும் செவ்வாயும் காலை ஒன்பதரைக்கெல்லாம் அலமாரிச் சாவி கேட்டு வந்துவிடுகின்றனர்.