தாசேக் பெராவில் இரண்டு இரவுகள்

கேனோவில் இரண்டு பேர் உட்கார்ந்தால் திசையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் பின்னால் இருப்பவர்தான். முன்னால் இருப்பவர் வேகத்துக்கு. வலப்பக்கம் துடுப்பு போட்டால் படகின் மூக்கு இடப்பக்கம் ஓடும். அதனால் ஒவ்வொரு இழுப்பின் முடிவிலும் துடுப்பை லேசாக வெளிப்பக்கம் திருப்பித் தள்ள வேண்டும். பல்கலைக்கழகத்தில் கோகுரிகுலம் மதிப்பெண்ணுக்காகக் கற்றுக்கொண்டது. அவனுக்கோ நீச்சலே அரைகுறை. அதனால் நான் பின்னால், அவன் முன்னால். ஜெட்டியில் எங்களைப் பார்த்த செமலாய் வழிகாட்டி சிரித்துவிட்டு, "போலே, போலே" என்று தன் படகில் முன்னே போனார்.

தாசேக் பெரா பஹாங்கில் இருக்கிறது. 1994இல் மலேசியாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இடம். ஏரி என்று பெயரே தவிர வெட்டவெளித் தண்ணீர் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் சதுப்புக் காடும், தாழை மாதிரி முள் இலை வைத்த ராசாவ் புதர்களும், நடுவில் வளைந்து வளைந்து போகும் வாய்க்கால்களும். தண்ணீர் கோப்பி ஓ நிறம். அழுக்கில்லை, இலையும் மரமும் காலகாலமாக ஊறி இறங்கிய சாயம். கையை விட்டால் முழங்கைக்குக் கீழே விரல் தெரியாது.

நான் பஹாவ் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவள். காரில் வந்தால் பெரிய தூரமில்லை. ஆனால் எங்கள் லயத்தில் யாரும் இந்த ஏரியைப் பார்த்ததாக எனக்குத் தெரியாது. எங்களுக்குக் காடு என்றால் கித்தா காடு. "காட்டுக்குப் போறேன்" என்று அப்பா சொன்னால் வேலைக்குப் போகிறார் என்று அர்த்தம். முதல் நாள் மதியம் கரையேறியபோது வழிகாட்டி ஒரு கெருயிங் மரத்தைக் காட்டினார். அடிமரத்தில் குழி வெட்டி, உள்ளே சற்று நேரம் நெருப்பு வைத்து, அணைத்தபின் ஊறும் எண்ணெயை எடுப்பார்களாம். பந்தத்துக்கு, படகு பூச. குழியின் ஓரம் கறுத்துப் பளபளத்தது. அப்பாவும் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்தான். ஆனால் அந்த மரங்களுக்கு நிரை உண்டு, மண்டோர் உண்டு, கிராணியின் கணக்கு உண்டு. நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவன் கொசு அடித்துக்கொண்டிருந்தான்.

காட்டுக்குப் போனால் மனசு ஆறும் என்று எழுதுகிறவர்கள் கொசுவைப் பற்றி ஏனோ எழுதுவதில்லை.

எங்களை இங்கே அனுப்பியது சொந்தக்காரர்களின் யோசனைதான் என்றும் சொல்லலாம். "ரெண்டு பேரும் எங்கயாவது போயி ரிலேக்ஸ் பண்ணிட்டு வாங்க, தானா தங்கும்" என்பது நாலு வருடமாகக் கேட்டது. மூன்று முறை ஐவிஎஃப். ஒருமுறை ஏழு வாரம் வரைக்கும் போனது. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. அடுத்த ஸ்கேன் எப்போது, லீவு எத்தனை நாள், இதைத்தான் பேசுவோம்.

இரண்டாம் நாள் காலை, இரண்டு பக்கமும் ராசாவ் உரசும் ஒரு குறுகிய வாய்க்காலில், அவன் துடுப்பை மடியில் வைத்தான்.

"போதும்லா. நிறுத்திடலாம்."

துடுப்பைச் சொல்கிறானோ என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை. எனக்கு முதலில் வந்தது கோபம். ஊசி ஏறியது என் வயிற்றில், போதும் என்று சொல்ல இவன் யார்? அதை அப்படியே கேட்டேன். அந்த இடத்தில் சத்தம் போட்டுக் கேட்டால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று இப்போது தெரிகிறது, ஆனாலும் கேட்க வேண்டியதுதான்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு முன்னால் பார்த்தபடியே சொன்னான்: "போட்டது நான்தானே. தெனம் ராத்திரி ஒம்போது மணிக்கு. நீ அந்தப் பக்கம் திரும்பிக்குவ. எனக்குத் திரும்ப முடியாது."

அவனுடைய பின்கழுத்து வெயிலில் சிவந்து தோல் உரிந்திருந்தது. நாலு வருடத்தில் அவன் பேசும்போது நான் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன்; முகத்தை அவன் நன்றாக வைத்துக்கொள்வான். தோள் அப்படி இல்லை. அது ஆடிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பப் பார்த்தான்.

"திரும்பாத. கவுந்துரும்" என்றேன்.

கவிழும்தான். ஆனால் நான் அழுவதை அவன் பார்க்க வேண்டாம் என்பதும் உண்மை. படகு தானாக நகர்ந்து முள் இலைகளில் முட்டி நின்றது. வழிகாட்டி வளைவுக்கு அந்தப் பக்கம் எங்களுக்காகக் காத்திருந்திருப்பார். வந்து எட்டிப் பார்க்கவில்லை.

இன்னும் இரண்டு கருக்கள் மருத்துவமனையில் உறைநிலையில் இருக்கின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் சேமிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். அன்று இரவு கூடாரத்துக்கு முன்னால் சார்டின் டின்னைத் திறந்து சிறு அடுப்பில் மிளகாயோடு கிண்டிக்கொண்டிருந்தபோது அவன்தான் கேட்டான்.

"டிசம்பருக்கு என்ன செய்யலாம்?"

"இந்த வருஷம் கட்டுவோம். அடுத்த வருஷம் கேளு."

"சரி."

சோறு அடியில் பிடித்திருந்தது. அவனுக்கு அந்தக் கருகல்தான் பிடிக்கும். சுரண்டித் தட்டில் வைத்தேன். தலைவிளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டோம், பூச்சி சோற்றில் விழுகிறது என்று. தண்ணீரில் ஏதோ பெரிய மீன் ஒருமுறை புரண்டது. கெலிசாவாக இருக்கும் என்றான். அவனுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது.