பதில் வரும்வரை

பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மூளையின் இடப்பக்கம் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் பலருக்கு வலது கையோடு சொல்லும் போய்விடும். அஃபேசியா என்போம். 1861இல் பாரிஸில் மருத்துவர் பால் புரோக்கா பார்த்த நோயாளி, எதைக் கேட்டாலும் 'டான்' என்றே சொன்னார். ஆனால் கேட்டதில் பெரும்பகுதி அவருக்குப் புரிந்தது. என்னிடம் வருகிறவர்களில் பலரும் அப்படித்தான். அறிவு இருக்கிறது, விஷயம் இருக்கிறது, சொல் மட்டும் வாய்க்கு வருவதில்லை.

குடும்பத்துக்கு இதைப் புரியவைப்பதுதான் பயிற்சியைவிடக் கடினம். "சாமி பாட்டெல்லாம் தடங்கலில்லாம சொல்றாரு மேடம், என் பேரைச் சொல்ல மாட்டேங்கிறாரு. வேணும்னே பண்றாரா?" என்று மகள் அழுவாள். வேண்டுமென்று இல்லையம்மா. கந்த சஷ்டி கவசம், ஒன்று இரண்டு எண்ணுவது, கோபத்தில் வரும் வசவு எல்லாம் பழகிப் பழகித் தானாக ஓடுபவை. 'தண்ணி கொடு' என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்ட வேண்டும். அந்த இடத்தில்தான் அடி. நாக்கில் தேன் தடவியும் பயனில்லை. பழுது நாக்கில் இல்லை.

வங்கியில் மேலாளராக இருந்தவர் முன்னால் 'அ, அம்மா' அட்டையை நீட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது. அன்றைய செய்தித்தாள், கல்யாண ஆல்பம், மளிகைச் சீட்டு, இவை போதும். 'குடிக்கக் கொஞ்சம்...' என்று தொடங்கி நிறுத்துவேன். வராவிட்டால் 'த' என்று முதல் ஒலியைக் கொடுப்பேன். அதற்குள் பக்கத்தில் நிற்கும் மனைவி, "தண்ணி, தண்ணின்னு சொல்லுங்க!" என்றுவிடுவார். அன்பினால்தான். ஆனால் தேடிக்கொண்டிருந்த சொல் அத்தோடு நின்றுபோகும்.

கை கால் பயிற்சிக்கு உடனே ஓடுகிறவர்கள் பேச்சுப் பயிற்சிக்கு மாதங்கள் கழித்தே வருகிறார்கள். வேகமாகத் தேறும் காலம் முதல் சில மாதங்கள்தான். பிறகும் முன்னேற முடியும், மெதுவாக. நிரந்தரமாகத் தங்கிவிட்ட அஃபேசியாவை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டில் சேர்த்திருக்கிறது. அதற்கான மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் விண்ணப்பியுங்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் டிவியை அணைத்துவிட்டு எதிரில் உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. "காபியா, டீயா?" என்று கேளுங்கள், கை காட்டினாலும் அது பதில்தான். பதில் வரும்வரை நீங்கள் பேசாதீர்கள்.