ஆரணிச் சண்டையைத் தேடி பாரிஸ் வரை

ஆரணி எங்க ஊர் என்று சொன்னதும் ஹாஸ்டலில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "பட்டுப்புடவை அங்க என்ன ரேட்டு?" என்பதுதான். அதே ஊரில் 1751 டிசம்பரில் ஒரு பெரிய சண்டை நடந்தது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒரு பக்கம் ராபர்ட் கிளைவும் மராட்டியக் குதிரைப்படையும். இன்னொரு பக்கம் சந்தா சாகிபின் மகன் ரஸா சாகிபும், அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சு வீரர்களும்.

தமிழ் மன்றத்தில் 'எங்கள் ஊர்' என்ற தலைப்பில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நம்ம வழக்கப்படி ஒரே ராத்திரியில் ஸ்லைடு ரெடி. வார லீவில் வீட்டுக்குப் போனபோது தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். குழித்தறியில் உட்கார்ந்து, தறியை நிறுத்தாமலே கேட்டார்.

"எல்லாம் இங்கிலீஷ்காரன் சொன்னதா? தோத்தவன் இன்னா சொன்னான் கண்ணு?"

பதில் இல்லை. அடுத்தது இன்னும் கஷ்டம்.

"சரி, அவங்க அடிச்சுக்கினு இருந்தப்ப, இங்க துணி நெஞ்சவன் இன்னா ஆனான்?"

இந்த இரண்டு கேள்விகளும்தான் என்னை மூன்று மாதம் அலைய வைத்தன. அந்த அலைச்சலில் கற்றதை உங்களுக்குச் சொல்கிறேன். பிரெஞ்சு வரலாறு தேடுகிற யாருக்கும், ஏன், பழைய விஷயம் எதைத் தேடுகிறவருக்கும் இது உதவும்.

முதல் பாடம், ஸ்பெல்லிங். ஆரணியை இன்று நாம் எழுதுகிற ஸ்பெல்லிங்கில் தேடினால் புடவைக் கடைகள்தான் வரும். பழைய ஆங்கிலப் புத்தகங்களில் நம் ஊர் 'ஆர்னி'. அதையும் இரண்டு மூன்று விதமாக எழுதுவார்கள். பக்கத்து வந்தவாசி 'வாண்டிவாஷ்'. பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆற்காடு 'ஆர்கேட்'. ஒரு நோட்டில் ஊருக்கு ஒரு வரி போட்டு எல்லா ஸ்பெல்லிங்கையும் எழுதி வைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் கதவு திறந்தது.

இரண்டாவது, இன்டர்நெட் ஆர்கைவ். ராபர்ட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றின் முதல் தொகுதி 1763-இல் வந்தது. அதை இலவசமாகப் படிக்கலாம். ஆனால் ஒரு சிக்கல். அந்தக் கால அச்சில் எஸ் எழுத்து பல இடங்களில் எஃப் மாதிரியே இருக்கும். ஸ்கேன் செய்த மென்பொருளும் அதை எஃப் என்றே படித்து வைத்திருக்கும். 'சோல்ஜர்' என்று தேடினால் பாதி இடம் சிக்காது. எஃப் போட்டும் ஒரு தடவை தேடுங்கள்.

ஓர்ம் புத்தகத்தில் சண்டை நடந்த இடம் கண்முன்னே வந்தது. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் பனந்தோப்பு, எதிரே நெல் வயல், நடுவே ஒரு மேட்டுப்பாதை. அந்தப் பாதையில் வந்த எதிர்ப்படை பீரங்கி அடி தாங்காமல் வயலில் இறங்கியது. தாத்தாவிடம் சொன்னேன். "டிசம்பர்னா கார்த்திகை. வயல்ல தண்ணி நின்னிருக்கும். சேத்துல எப்படி ஓடுவான்?" என்றார். புத்தகத்தை நான் படித்தேன், நிலத்தை அவர் படித்தார்.

சரி, தோற்றவர் குரல்? அதற்கு 'கலிகா'. பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணைய நூலகம். பழைய பிரெஞ்சுப் புத்தகங்கள், பத்திரிகைகள், வரைபடங்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கின்றன. ஆய்வுக் கட்டுரைகளுக்கு 'பெர்சே' தளம். எனக்கு பிரெஞ்சு தெரியாது. பத்தி பத்தியாக மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுத்தான் படித்தேன். ஆப் கொடுத்ததை அப்படியே நம்பாமல், பெயரையும் தேதியையும் இன்னொரு புத்தகத்தில் சரிபார்த்தேன். புதுச்சேரி கவர்னராக இருந்த டூப்ளே 1754-இல் திருப்பி அழைக்கப்பட்டார். தான் போட்ட சொந்தப் பணத்தைக் கேட்டு, தன் கம்பெனிக்கு எதிராகவே 1759-இல் ஒரு நீண்ட மனுவை அச்சிட்டார். தோற்றவரும் நிறையவே எழுதியிருக்கிறார். நாம்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

ஆனால் பெரிய பொக்கிஷம் பிரெஞ்சில் இல்லை, தமிழில் இருந்தது. டூப்ளேயின் துபாஷ் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761-இல் இறக்கும் வரை நாட்குறிப்பு எழுதினார். நடுவே சில காலத்துப் பக்கங்கள் கிடைக்கவில்லை. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக வந்தது, அதுவும் ஆர்கைவ் தளத்தில் உண்டு. தமிழிலும் 12 தொகுதிகள் அச்சாகியிருக்கின்றன. வெளியிட்டது எங்கே தெரியுமா? வந்தவாசி அகநி பதிப்பகம். நான் பாரிஸ் வரை தேடிப் போனது பக்கத்து ஊரில் இருந்தது!

புத்தகத்தை நேரில் புரட்ட ஆசைப்பட்டால் திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கு பஸ் ஏறுங்கள். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் அங்கே இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் இருக்கிறது. போகும் முன் என்ன தேடுகிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். காலேஜ் ஐடியும் துறைத்தலைவர் கடிதமும் கையில் இருந்தால் நல்லது. 'பிரெஞ்சு வரலாறு வேணும்' என்று நிற்காதீர்கள். ஆண்டு, ஊர், ஆள் மூன்றையும் சொன்னால் நூலகர் நமக்காகவே யோசிப்பார்.

தாத்தாவின் இரண்டாவது கேள்விக்கும் அந்த நாட்குறிப்புதான் வழிகாட்டியது. சண்டையைத் தேடிப் போனவருக்கு அதில் பக்கத்துக்குப் பக்கம் துணி. எத்தனை கட்டு வந்தது, எது தரம் குறைவு, கப்பல் எப்போது, வியாபாரிக்கு எவ்வளவு பாக்கி. கம்பெனி வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுக்கும். வியாபாரிகள் நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவார்கள். படை நடமாட்டத்தில் வழி அடைபட்டால் துணி வந்து சேராது, கணக்கு நின்று போகும். இதைச் சொன்னபோது தாத்தா தறியை நிறுத்தினார்.

"முன்பணம் வாங்கி நெய்யறது அப்பவே இருந்துச்சா? நானும் அதே கடன்லதான கண்ணு உக்காந்துகினு இருக்கேன்."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை.

தமிழ் மன்றத்தில் ஐந்து நிமிடம் பேசினேன். பழைய ஸ்லைடில் 'கிளைவ் வென்றார்' என்பதுதான் கடைசி வரி. புதியதில் அது முதல் வரி. கடைசி ஸ்லைடில் தாத்தாவின் தறி போட்டோ வைத்தேன். கீழே, 'கம்பெனிக் கணக்கில் துணிக்குப் பெயர் இருக்கிறது, நெய்தவருக்கு இல்லை' என்று எழுதினேன். கைதட்டல் சுமார்தான். ஆனால் சின்னாளப்பட்டிப் பையன் ஒருவன் வந்து, "எங்க ஊரை எந்த ஸ்பெல்லிங்கில தேடணும்?" என்று கேட்டான்.

நீங்களும் இந்த லீவில் ஊருக்குப் போனால் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அப்புறம் லேப்டாப்பைத் திறங்கள். என் ஸ்பெல்லிங் நோட்டு வேண்டுமென்றால் ஹாஸ்டலில் வந்து வாங்கிக்கொள்ளலாம். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்!