செறுதுருத்தி ராத்திரிகள்

சாயங்காலம் செறுதுருத்தியில் கேளி கொட்டினால், காற்று இந்தப் பக்கம் அடிக்கிற நாளில், ஆற்றைத் தாண்டி ஷொர்ணூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரைக்கும் கேட்கும். செண்டை, மத்தளம், சேங்கிலை, இலத்தாளம் நான்கும் சேர்ந்த அந்த முழக்கம்தான் அன்றைக்கு ராத்திரி கதகளி உண்டு என்பதற்கு அறிவிப்பு. மாமா டியூட்டி முடிந்து வந்து குளித்துவிட்டு, "சோத்த உண்டுபோட்டு ஒரு தூக்கம் தூங்கு கண்ணு, பத்து மணிக்கு எழுப்பறேன்" என்பார். பள்ளிக்கூட லீவுக்குக் கோயமுத்தூரிலிருந்து போயிருந்த எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

ஆட்டத்தைவிட, வேஷம் போடும் அணியறைதான் அந்த வயதில் என்னைப் பிடித்து வைத்தது. தரையில் பாய் விரித்து, வேஷக்காரர் மல்லாந்து படுத்திருப்பார். தலைமாட்டில் சுட்டிக்காரர். அரிசி மாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைத் தாடை ஓரமாக வைத்து, அதன்மேல் காகிதத்தில் வெட்டிய வெள்ளை விளிம்பை ஒட்டிக்கொண்டே போவார். பக்கத்தில் ஒருவர் மஞ்சள் மனையோலைக் கல்லை நீலம் கலந்து அரைத்துக்கொண்டிருப்பார். தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்தால் நளனுக்கும் தருமனுக்கும் உரிய பச்சை வந்துவிடும். மணிக்கணக்காகும். படுத்திருப்பவர் பாதியில் தூங்கியும் போவார். தூங்கி எழும்போது அவர் முகம் அவருடையதாக இருக்காது. கடைசியில் சுண்டைப் பூவின் பிஞ்சு விதையை உள்ளங்கையில் கறுக்கும்வரை தேய்த்து இமைக்குள் இட்டுக்கொள்வார். கொஞ்ச நேரத்தில் வெண்விழி முழுக்கச் சிவந்துவிடும். வலிக்காதா என்று மாமாவிடம் கேட்டேன். "வலிக்காதாம். ஆனா நீ எதையும் கண்ணுல போட்டுக்காதே" என்றார்.

மேடையில் ஆடுகிறவர் பேசமாட்டார். கத்தி போன்ற சில வேஷங்கள் அலறுவதோடு சரி. பேச்செல்லாம் கையும் கண்ணும்தான். வார்த்தை முழுவதும் பின்னால் நிற்கும் பாடகர்களிடம் இருக்கிறது. முதல் பாடகர் பொன்னானி, கையில் சேங்கிலை. துணைப் பாடகர் சிங்கிடி, கையில் இலத்தாளம். ஒரு வரியை அவர்கள் திரும்பத் திரும்பப் பாட, ஆடுபவர் அதை விரித்துக்கொண்டே போவார். இடுப்பில் வேட்டி, திறந்த மார்பு. விளக்கின் வெளிச்சம் அவர்கள்மேல் அவ்வளவாக விழாது. ஆட்டவிளக்கில் திரி இரண்டு: தடித்தது ஆடுபவரைப் பார்த்து, மெல்லியது நம்மைப் பார்த்து. அந்த அரையிருட்டிலிருந்து ஒரு ராத்திரி வந்த குரலைக் கேட்டுவிட்டு, யார் என்று மாமாவிடம் கேட்டேன். "ஹைதராலி" என்றார். எனக்கு அப்போது அந்தப் பெயரில் ஆச்சரியப்பட ஒன்றும் தோன்றவில்லை. சின்னப் பையன். குரல் நெஞ்சில் தங்கிவிட்டது. பெயர் எத்தனை பெரிய விஷயம் என்பது வளர்ந்த பிறகுதான் புரிந்தது.

கேட்பதைப் பற்றிச் சொல்லும்போது வள்ளத்தோளைச் சொல்லாமல் இருக்க முடியாது. வள்ளத்தோள் நாராயண மேனோனுக்கு முப்பது வயதை ஒட்டிக் காது கேட்காமல் போயிற்று. மலையாளத்தின் மகாகவி. அந்தத் துயரத்தையே ஒரு நூலாக எழுதினார். செண்டையின் ஓசையும் பதத்தின் ராகமும் எட்டாத மனிதர்தான், கதகளி அழிந்துபோகக்கூடாது என்று ஊர் ஊராக அலைந்தார். அந்தக் கலையை அதுவரை பேணிவந்த அரண்மனைகளும் பெரிய நம்பூதிரி இல்லங்களும் கைவிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆட்டக்குழுக்கள் கலைந்தன, நல்ல ஆசான்களுக்கே பிழைப்பு இல்லை. மணக்குளம் முகுந்த ராஜாவைச் சேர்த்துக்கொண்டு, லாட்டரிச் சீட்டு விற்றுப் பணம் திரட்டி, 1930இல் கலாமண்டலம் என்ற கலைப் பள்ளியைத் தொடங்கினார். சில வருஷங்களில் அது நிளாக் கரைக்கு, செறுதுருத்திக்கு வந்து சேர்ந்தது. 1958இல் மறைந்த அவருடைய சமாதியும் பழைய கலாமண்டல வளாகத்தில்தான் இருக்கிறது.

நிளா என்று அவர்கள் கொஞ்சிக் கூப்பிடும் பாரதப்புழைக்கு நம் ஆழியாறும் தண்ணீர் அனுப்புகிறது. இதைச் சொன்னால் செறுதுருத்திக்காரர்கள் சிரிப்பார்கள்: "அனுப்புவது எங்கே, நீங்கள் நிறுத்தியல்லவா வைத்திருக்கிறீர்கள்!" கோடையில் அங்கே மணல் திட்டும் புதரும்தான். அது தனிக் கதை.

மழைக்காலத்தில் கலாமண்டலத்துக்குப் போனால் வேறொன்று பார்க்கலாம். பையன்கள் உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொண்டு பயிற்சிக் களரித் தரையில் குப்புறப் படுத்திருப்பார்கள், தொடை அகன்று முழங்கால் மடங்கி. ஆசான் மேலே ஒரு பிடியைப் பற்றிக்கொண்டு, காலாலேயே அவர்கள் முதுகையும் இடுப்பையும் உழிவார். அதற்கு உழிச்சல் என்று பெயர். விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். கண்ணில் நெய் விட்டுக் கருவிழியை மேலும் கீழும் ஓட்டும் சாதகம் வேறு. பட்டிக்காந்தொடி ராவுண்ணி மேனோன் என்ற ஆசான் இங்கே கற்றுக்கொடுத்த கல்லுவழி முறை இப்படித்தான் உடம்பிலிருந்து உடம்புக்கு இறங்கியது. அவரிடம் பயின்ற ராமன்குட்டி நாயர், கிருஷ்ணன் நாயர், ஆசானின் மகன் பத்மநாபன் நாயர், அவர்களுக்குப் பின் கோபி. எல்லோர் பெயருக்கும் முன்னால் 'கலாமண்டலம்'. படித்து வெளியே வந்தவர் அதையே குடும்பப் பெயர்போல வைத்துக்கொள்கிறார். பிறந்த வீட்டையும் சாதியையும் தாண்டிய பெயர் அது. என்னைக் கேட்டால், அந்த நிறுவனம் செய்த வேலைகளில் இதுதான் பெரியது.

மறுபடியும் ஹைதராலியிடம் வருகிறேன். வடக்காஞ்சேரிப் பக்கத்து ஏழை முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலேயே கலாமண்டலத்தில் சேர்ந்து, நீலகண்டன் நம்பீசனிடம் கதகளி சங்கீதம் படித்தார். சங்கரன் எம்பிராந்திரியோடு அவர் சேர்ந்து பாடியதைக் கேட்டவர்கள் இன்றைக்கும் அந்த ஜோடியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் கதகளி நடப்பது பெரும்பாலும் கோயில் உற்சவத்தில். சிவனையும் கிருஷ்ணனையும் ராத்திரி முழுக்கப் பாடுகிற மனிதரை மதிலுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஆலப்புழைப் பக்கத்தில் ஒரு கோயிலில், அவர் பாடியே ஆகவேண்டும் என்பதற்காக மதிலை உடைத்து மேடையை வெளியே நீட்டினார்களாம். அவர் வெளியே நின்று பாடினார். இதைச் சொல்லிவிட்டு மாமா, "மதிலை உடைக்க மனசு வந்துச்சு, ஆளை உள்ளே கூப்பிட மனசு வரலை பாரு" என்றார். 2006இல் சாலை விபத்தில் ஹைதராலி போய்விட்டார். அவர் பாடிய நளசரிதத்தைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த மதில் ஞாபகம் வந்துவிடுகிறது.

உள்ளே விடுவது என்றால், கூடியாட்டத்தின் கதையும் அதுதான். சம்ஸ்கிருத நாடகத்தை இன்னமும் மேடையில் ஆடுகிற அந்தக் கலை, சாக்கியார், நங்கியார் குடும்பங்களுக்குள்ளும் கோயில் கூத்தம்பலத்துக்குள்ளும் இருந்தது. 1965இல் பைங்குளம் ராம சாக்கியார் கலாமண்டலத்துக்கு வந்து, பிற சாதிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். நங்கியார் குலத்தில் பிறக்காத கிரிஜா அவரிடம் கற்று மேடையேறினார். 2001இல் யுனெஸ்கோ கூடியாட்டத்தை மனிதகுலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்தது. கதவைத் திறந்த அந்தக் கிழவருக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

கதவு வெளிநாட்டுக் கதைக்கும் திறந்தது. 1989இல் ஷேக்ஸ்பியரின் லியர் அரசனைக் கதகளியாக்கியபோது, லியராக ஆடியவர் பத்மநாபன் நாயர். பிரான்சு நாட்டு ஆனெட் லெடேயும் ஆஸ்திரேலியாவின் டேவிட் மெக்ருவியும் சேர்ந்து செய்த முயற்சி. புயல் காட்சியில் அரசன் கிரீடம் இழந்து நிற்கவேண்டும். கிரீடம் இல்லாத ராஜாவைக் கதகளி மேடையில் யார் பார்த்திருக்கிறார்கள்? பழைய ரசிகர்கள் சிலருக்கு அது உறுத்தியது. குமிழ மரத்தில் கடைந்த அந்தக் கிரீடத்தைத் தலையில் ஏற்றி, இடுப்பைச் சுற்றிக் கஞ்சி போட்ட துணிக் குவியலைக் கட்டி, அதோடு ஒரு கால் தூக்கி நிற்பதற்கு எத்தனை வருஷப் பயிற்சி வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த உறுத்தல் புரியும். எனக்கும் புரிகிறது. ஆனாலும் பத்மநாபன் நாயர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மரபு கைவசம் இருக்கிற ஆளுக்குத்தான் அதை ஓரிடத்தில் கழற்றி வைக்கத் தைரியம் வரும்.

இத்தனையும் செய்த இடத்தில் ஒரு கதவு மட்டும் வெகுகாலம் மூடியே இருந்தது. கதகளிப் படிப்பில் பெண்பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. பெண்களுக்கு மோகினியாட்டம் என்று ஒதுக்கிவிட்டார்கள். உழிச்சல், கச்சை, ராத்திரி ஆட்டம் என்று ஏதேதோ காரணம். திருப்பூணித்துறையில் பெண்களே சேர்ந்து 1975இல் கதகளிக் குழு அமைத்து, பீமனும் ராவணனுமாக ஆடிக்காட்டிய பிறகும் செறுதுருத்தி அசையவில்லை. கலாமண்டலத்தின்மேல் எனக்குள்ள மரியாதையில் குறையாத ஒரு வருத்தம் இது. 2021இல்தான் முதல் முறையாகப் பெண்பிள்ளைகள் கதகளிக் களரிக்குள் வந்தார்கள்.

அவர்கள் முழு வேஷம் கட்டி ஒரு ராத்திரியைத் தாங்க இன்னும் பல வருஷப் பயிற்சி இருக்கிறது. மாமா இப்போது இல்லை. இரண்டு மணி நேரத்தில் முடிகிற ஆட்டங்கள்தான் அதிகமாகிவிட்டன. அந்தப் பெண்களில் ஒருத்தி விடிய விடிய ஆடும் நளனாகத் திரைச்சீலையை விலக்கி நிற்கும் நாளில் ஷொர்ணூருக்கு டிக்கெட் எடுக்கவேண்டும். தொடக்கப் புறப்பாட்டிலிருந்து முடிவுத் தனாசி வரை உட்கார்ந்து பார்க்கவேண்டும்.