ஆறுதலும் ஆற்றுதலும்

'ஆறு' என்பது தன்வினை; 'ஆற்று' என்பது பிறவினை. புண் ஆறியது என்றால் அது தானாக ஆறிற்று. புண்ணை ஆற்றினார் என்றால் அங்கே பிறர் கை இருந்தது. வகுப்பில் இவ்விணையை எடுத்துக்காட்டாகச் சொல்வது எம் வழக்கம். பொறியியல் பயிலும் எம் தமக்கை மகன் அண்மையில் தமிழில் ஓர் அறிவியல் உரை நிகழ்த்தச் சொல் தேடி வந்தான். விமானக் கட்டமைப்புகளுக்கென ஆராயப்படும், தன் விரிசலைத் தானே மூடிக்கொள்ளும் கூட்டுப்பொருள் பற்றிய உரை அது. 'தானே ஆறும் பொருள்' என்று பெயர் தந்தோம். பெயர் எளிதில் அமைந்துவிட்டது. அது சுட்டும் பொருள்தான் பல நாள் எம்மை விடவில்லை.

போயிங் 787 விமானம் 2011ஆம் ஆண்டு பயணிகள் சேவைக்கு வந்தது. அதன் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழப் பாதி, பிசினால் பிணைக்கப்பட்ட கரியிழை அடுக்குகள் முதலான கூட்டுப்பொருள்கள். அலுமினியத் தகட்டின் மேல் ஒரு கருவி தவறி விழுந்தால் பள்ளம் விழும்; பார்த்தவர் அறிவர். கரியிழைப் பரப்போ அடியை வாங்கிக்கொண்டு பழையபடி நிமிர்ந்துவிடக்கூடும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். அதனால்தான் தட்டி ஓசை கேட்டும், மீயொலி செலுத்தியும் அதனைத் தேடுகின்றனர்.

இதற்கொரு விடையை அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் 2001இல் வெளியிட்டனர். எப்பாக்சிப் பிசினுக்குள் திரவம் அடைத்த நுண்குமிழ்களையும் வினையூக்கித் துகள்களையும் கலந்து வைத்தனர். விரிசல் வரும் வழியில் குமிழ் உடையும். திரவம் பிளவுக்குள் ஊறும். வினையூக்கியைத் தொட்டதும் இறுகும். முறிவைத் தாங்கும் திறனில் 75 விழுக்காடு வரை மீண்டது. காயம் எதுவோ அதுவே மருந்தையும் அழைக்கிறது! ஆயினும் உடைந்த குமிழ் மறுமுறை உதவாது. எனவே அதே பல்கலைக்கழகத்தார் 2007இல் இரத்த நாளங்களைப் போன்ற நுண்குழாய்களை அமைத்து, ஓரிடத்தையே ஏழு முறை வரை ஆறச் செய்து காட்டினர்.

ஆறிவிட்டால் மட்டும் போதுமா, நண்பர்களே? எம் அன்னையார் சில ஆண்டுகளுக்கு முன் கிணற்றடியில் வழுக்கி விழுந்து கையை ஊன்றினார். பிள்ளைகளுக்குத் தொல்லை ஏன் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. வீக்கம் வடிந்தது, வலியும் அடங்கியது. பின்னொரு நாள் வேறொன்றுக்காக எடுத்த ஊடுகதிர்ப் படத்தில்தான் மணிக்கட்டு எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியிருந்தது தெரிந்தது. எலும்பு தன் கடமையைச் செய்தது. நேராக நிறுத்த ஒருவருமில்லை. இன்றும் அவரால் நீர்க்குடத்தை அக்கையால் தூக்க இயலாது.

கூட்டுப்பொருளுக்கும் இதே இடர்தான். பிரிந்த முகங்கள் ஒன்றையொன்று நெருங்கி நின்றால்தான் மருந்து அவற்றை இணைக்கும். இணைந்தபின் அவ்வொட்டு எவ்வளவு தாங்கும் என்பதை முறித்துப் பாராமல் உறுதியாக அளந்தறிய வழியில்லை. 'ஆறியிருக்கும்' என்ற நம்பிக்கையின் பேரில் இறக்கையைப் பறக்கவிட எந்தப் பொறியாளரும் ஒப்பார். பயணிகள் விமானத்தின் முதன்மைக் கட்டமைப்பில் இப்பொருள் இன்னும் ஏறாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆதலின் 2016இல் அப்பல்கலைக்கழகத்திலிருந்தே வந்த மற்றொரு ஆய்வு எமக்குப் பெரிதாகப் படுகிறது. அங்கே மேற்பூச்சில் கலந்த நுண்குமிழ்கள் அடிபட்டு உடைந்தால், அவ்விடம் சிவந்து காட்டும். ஆறும் திறனோடு அடிபட்டதைச் சொல்லும் திறனும் ஒரு பொருளுக்கு வேண்டும். சொன்னால்தான் ஆற்றுவதற்கு ஒரு கை வந்து சேரும்.